மூலைக் கட்டத்து முகம்

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டு,

நலம்தானே? உன் மகள் எப்படி இருக்கிறாள்? நேற்று வீடியோவில் கையால் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்துவிட்டாய். பிறகு ஒரு வரி அனுப்பினாய்: “உன் முகம் எனக்குப் புரியவில்லை. இனிமேல் கடிதம் எழுது.” அதனால்தான் இந்தக் காகிதம். பேனா பிடித்துப் பல காலம் ஆயிற்று, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. கன்னத்தில் கொழுப்பு வைத்துக்கொண்டேன். வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் ஊசியால் வைத்தார்கள். வேண்டாத இடத்தில் கிடந்தது வேண்டிய இடத்துக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்து முகம் ஒரு நிலைக்கு வரச் சில மாதம் ஆகுமாம். அதற்குள் நீ பயந்துவிட்டாய்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். டிவியில் செய்தி ஓடும்போது, அதைக் கைமொழியில் சொல்ல, திரையின் மூலையில் எனக்கென்று இருப்பது ஒரு சின்னக் கட்டம். அதில் கை தெரிந்தால் மட்டும் போதாது, முகமும் பேச வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? ஸ்டுடியோ விளக்கில் என் கன்னம் குழி விழுந்து ஒரே நிழலாகத் தெரிகிறதாம். காது கேளாதவளான உன்னோடு பேசக் கற்ற கைமொழிதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. அதற்கு நான் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளேன்.

பதில் போடு. கோபித்துக்கொண்டாலும் இரண்டு பக்கமாவது கோபித்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

இரண்டு பக்கம் கோபம் கேட்டாய், எடுத்துக்கொள்.

கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க நான் பார்ப்பது மனிதர்களின் மூக்கையும் கன்னத்தையும்தான். உன் கன்னம் என் கவுண்டருக்கு வந்திருந்தால், “இந்த ஃப்ரேம் வேண்டாம்மா, சிரித்தால் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும்” என்று எழுதிக் காட்டியிருப்பேன். தினமும் ஏழு மணிக்குத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்கிறேன். நேற்று பஸ் கவிழ்ந்த செய்தியைச் சொன்னாய். கை அழுதது, முகமோ கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி பளபளவென்று இருந்தது.

விளையாட்டு போகட்டும். எனக்கு ஒரு சந்தேகம். இந்த வருஷக் கடைசியில் செய்தி வேலையை விட்டு எழுந்துவிடுகிறேன், அந்த நாற்காலியில் என் மகள் உட்காரட்டும் என்று சொன்னது நீதானே? காது கேட்பவளானாலும் அவளும் உன் கையைப் பார்த்தே வளர்ந்தவள். நீ சொன்ன வார்த்தையை நம்பித்தான் பள்ளியில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்றாள். வீட்டைக் காலி செய்யப்போகிறவர்கள் யாராவது சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்களா?

இன்னொன்று. சின்ன வயதிலிருந்தே நீ பொய் சொன்னால் இடது கன்னத்தில் ஒரு மடிப்பு விழும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தைத்தான் நிரப்பி வைத்திருக்கிறாய்.

சுண்டு


ஆகஸ்ட் 9

அன்புள்ள சுண்டு,

உன் சந்தேகத்தைக் கடையில் விற்றால் கண்ணாடியைவிட நன்றாகப் போகும். உன் மகளை மறப்பேனா? டிசம்பர் வரட்டும்.

இப்போது உன் உதவி வேண்டும். வைத்த கொழுப்பு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. இரண்டு கிலோ எடை கூடினேன், கன்னமும் கூடவே கூடிவிட்டது. வயிற்றுக் கொழுப்பு எங்கே போனாலும் வயிற்றுப் புத்தியை விடாதாம். கன்னத்தின் பாரத்தில் தாடை இறங்கி, இரண்டு பக்கமும் பை கட்டியது போல் இருக்கிறது. வேறு ஒரு டாக்டரிடம் போனேன். தொங்குவதைக் கொழுப்பு தூக்காது, நிரப்பத்தான் செய்யும், முதலிலேயே ஃபேஸ்லிஃப்ட்தான் செய்திருக்க வேண்டும் என்கிறார். காதைச் சுற்றித் திறந்து, உள்ளே இழுத்துத் தைத்து, அதிகப்படிக் கொழுப்பையும் எடுத்துவிடுவாராம்.

இருபத்தெட்டாம் தேதி நாள் குறித்தாயிற்று. கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தனியாக இருப்பவள், கண்ணாடியில் பார்க்கிற ஒரு முகமாவது பார்க்கும்படி இருக்கட்டுமே. பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

வருகிறேன். கூடப் பிறந்த குற்றத்துக்கு வராமல் முடியுமா? ஆனால் ஒரு தடவை பெயின்ட் அடித்தது போதாமல் இப்போது சுவரையே இடித்துக் கட்டுகிறாய். யார் குடியிருப்பதற்கு என்றுதான் இன்னும் தெரியவில்லை.

சுண்டு


செப்டம்பர் 10

அன்புள்ள சுண்டு,

ஏன் இப்படிச் செய்தாய்? இன்னும் மூன்று நாள் இருப்பதாகச் சொன்னவள், காலையில் கஞ்சியை மேஜையில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நர்ஸ்கூட என்னை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. காதோரம் ரத்தம் வடியும் டியூபைப் பார்த்தாய், கட்டைத் தளர்த்தினாய், தலையணையை உயர்த்தி வைத்தாய், என் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் குளிப்பாட்டினாய். அப்புறம் என்ன வந்தது?

தையல் பிரித்தாயிற்று. காது இரண்டும் இன்னும் என்னுடையது போல இல்லை, மரத்துக் கிடக்கிறது. என்ன குறை என்று எழுது.

உன் அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

குறையை எழுதுகிறேன்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் உன் ஆபீஸ் மேக்கப்காரம்மா ஆப்பிளோடு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். எப்போதும் போல நீ நடுவில் இருந்துகொண்டு, அவர் சொல்வதை எனக்குக் கையால் சொன்னாய். உடம்பை விசாரித்தார், சொன்னாய். ஸ்டுடியோவில் ஏசி ரிப்பேர் என்றார், சொன்னாய். பிறகு, “அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கிற டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம், உன் மகளுக்கு அப்புறம் தகவல் வருமாம்” என்று சொன்னாய்.

நீ கை அசைத்தால் நான் வேறு யார் உதட்டையும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை. உன் கையையும் முகத்தையும் சேர்த்துப் படித்துப் பழகிய கண் இது. அன்று உன் முகம் கட்டுக்குள் இருந்தது, வெளியே தெரிந்ததும் வீங்கி நீலம் பாய்ந்து கிடந்தது. அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் கண் தானாக அந்த அம்மாவின் வாய்க்குப் போனது. எல்லோர் முகத்துக்கும் நேராக நின்று வேலை செய்கிறவர், உதட்டை நன்றாகத் திறந்து நிதானமாகப் பேசுகிறார்.

எனக்குக் கேட்காது என்று நினைத்துத்தானோ என்னவோ, அவர் சொன்னது இது: “அந்தப் பொண்ணுக்கு விருப்பமில்லைன்னு நீங்க சொல்லச் சொன்னதை நியூஸ் எடிட்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உங்களையே போட்டுட்டாரு.”

நாற்காலி உனக்கு வேண்டும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். டாக்டர் சொன்னது, டீச்சர் சொன்னது, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது எல்லாம் உன் கை வழியாகத்தான் எனக்கு வந்தது. இப்போது ஒவ்வொன்றாக எடுத்து இதுவும் உண்மைதானா என்று பார்க்கத் தோன்றுகிறது. கடையில் நிற்கும்போதுகூட அதே நினைப்பு.

சுண்டு


செப்டம்பர் 24

அன்புள்ள சுண்டு,

உதட்டைப் படிப்பதில் பாதி ஊகம் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்? அந்த அம்மா வேறு ஏதோ பெண்ணைப் பற்றிச் சொன்னார். நீ முன்பே சந்தேகத்தோடு வந்தாய், அதற்குத் தோதாகப் பார்த்துவிட்டாய். இந்த ஒரு விஷயத்துக்காக அக்காவை வெட்டிவிடாதே.

உன் அக்கா


நவம்பர் 20

சுண்டு,

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. இனி மழுப்பிப் பயனில்லை. நீ பார்த்தது சரி.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கட்டத்தை விட்டு எழுந்தால் நான் யார்? கடைவீதியில் யாரென்றே தெரியாத காது கேளாத பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். வீட்டில் எனக்கு வணக்கம் சொல்ல ஒரு ஆள் இல்லை. போன வருஷம் எடிட்டர், “முகம் களைப்பா இருக்கே, அடுத்த ஆளை யோசிக்கலாமா?” என்றார். உன் மகள் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுநாள் டாக்டரிடம் போனேன். முகத்தைச் சரி செய்துவிட்டால் அந்தப் பேச்சே வராது என்று நினைத்தேன். அது சரிவராமல் போகவும் இரண்டாவது தடவையும் கத்திக்குப் போனேன்.

உன் எதிரில் கையை மாற்றிச் சொன்னபோது என் இடது கன்னம் மடியத்தான் பார்த்தது. கட்டுக்குள் இருந்ததால் உனக்குத் தெரியவில்லை. அதுவே எனக்கு வசதியாகவும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று எடிட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி அவளுக்கு டெஸ்ட். சத்தியமாகச் சொல்கிறேன், நம்பு.

அக்கா


டிசம்பர் 2

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எடிட்டரிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். சொல்லியிருக்கலாம். அதை என் மகளிடம் காட்டினேன். “பெரியம்மா நிஜமாத்தான் சொல்றாங்களாம்மா?” என்று கையால் கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரியாமல் போனது இதுவரை இல்லை.

நேற்று செய்தியில் உன்னைப் பார்த்தேன். மனசாரச் சொல்கிறேன், அழகாக இருக்கிறாய். தாடை சீராகிவிட்டது, பத்து வயது குறைந்திருக்கிறது, தையல் எங்கே என்று நான் தேடியும் தெரியவில்லை. டாக்டர் கைராசிக்காரர். ஆனால் நீ ஒவ்வொரு செய்தியாகச் சொல்லச் சொல்ல, சரியாகத்தான் சொல்கிறாயா என்று கீழே ஓடிய எழுத்தைப் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் கடைசிவரை படித்தேன். முடிந்ததும் சாப்பிடாத தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி அவளோடு நானும் வருகிறேன். டெஸ்ட்டுக்கு முன்னால் எடிட்டர் எங்களிடம் பத்து நிமிஷம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். பேச்சு அவளைப் பற்றியது என்பதால், அவர் பேசுவதை எனக்குச் சொல்ல, காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறேன். இதுவரை பார்த்ததில்லை, முகம்கூடத் தெரியாது.

காற்று படாமல் காதைச் சுற்றிக்கொள். மரத்த இடத்தில் சூடு தெரியாது, ஹேர் டிரையரைக் கிட்டே கொண்டுபோகாதே.

அன்று அந்த அறைக்குள் நீ வர வேண்டாம். வெளியே உட்கார்ந்திரு.

சுண்டு