உறை மூலையில் ஓர் எண்

வாஷிங்டன்
அக்டோபர் 3

அன்புள்ள எமில்,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டில் ஐரீனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கப்பலில் இருக்கும் உன் மகன் ரிச்சி எழுதுகிறானா?

நான் அதிபராகி இரண்டு வருடம் முடியப்போகிறது. ஒரு நாளைக்கு அறுபது பேரோடு பேசுகிறேன். ஒருவர்கூட என்னை டெல் என்று கூப்பிடுவதில்லை. காலையில் எண்ணெய் விலை, மதியம் வேலைநிறுத்தம், மாலையில் ஜலசந்தியில் எதிரெதிரே நிற்கும் போர்க்கப்பல்கள். இங்கே அடித்தளத்தில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம் ஒன்று இருக்கிறது. நேற்று தனியாக ஆடினேன். "மூணு கட்ட இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு, வெக்கமா இல்லையாடா?" என்று கேலி செய்ய நீ இல்லை.

உறையின் இடது மூலையில் 4471 என்று மறக்காமல் எழுது. அந்த எண் இருந்தால்தான் கடிதம் பிரிக்கப்படாமல் நேரே என் மேசைக்கு வரும். இல்லாவிட்டால் தினமும் வரும் மூட்டைகளோடு போய்விடும்.

உன்
டெல்


வாஷிங்டன்
நவம்பர் 9

மதிப்பிற்குரிய திரு. ஹுடாக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கருத்துகளை ஆழ்ந்த கவனத்துடன் படித்தேன். தங்களைப் போன்ற குடிமக்களின் குரலே இந்த நாட்டின் பலம்.

டெல்பர்ட் க்ரோமர்
அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர்


ப்ரையர்டன், ஒஹாயோ
நவம்பர் 14

டெல்,

'மதிப்பிற்குரிய திரு. ஹுடாக்' என்று எனக்கு நீ போட்ட பதிலை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் உருக்காலையை மூடப்போவதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று நான்கு பக்கம் எழுதிக் கேட்டிருந்தேன். வேண்டுமென்றேதான் எண்ணை எழுதவில்லை. எண் இல்லாதவர்களுக்கு நீ என்ன பதில் போடுகிறாய் என்று பார்க்க நினைத்தேன்.

ஆலையில் ஆயிரத்து இருநூறு பேர். உனக்கு எழுதியவர்கள் எல்லோருக்கும் இதே மூன்று வரி. வெள்ளிக்கிழமை மாதா கோயில் மீன் விருந்தில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். கையெழுத்து மயிரிழைகூட மாறவில்லை. இயந்திரம் போடுகிறதாமே!

ஆலை வாசலுக்கு நான் போனால், "அதிபரோட கூட்டாளி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்கிறார்கள். முப்பது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன், "ஒரு வார்த்த கேட்டுச் சொல்லக் கூடாதா எமில்?" என்கிறான். நான் என்ன சொல்ல?

இந்த முறை எண் எழுதியிருக்கிறேன். மூடுகிறாயா, இல்லையா?

எமில்


வாஷிங்டன்
நவம்பர் 20

எமில்,

அந்தக் கடிதத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனால் படித்தேன் என்று எழுதி அனுப்ப அனுமதி கொடுத்தவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஆலையை மூடுவார்கள். ஜலசந்தியிலிருந்து இரண்டு பக்கமும் பின்வாங்கச் சம்மதம். பதிலுக்கு எதிர்த்தரப்பு நாட்டின் மலிவான உருக்கு வரியில்லாமல் இங்கே வரும். அதைத்தான் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அங்கே முன்னால் நின்றது ரிச்சியின் கப்பல். அவனுக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடும்போது அவன் முகம்தான் நினைவில் இருந்தது. அறிவிப்பு வரும்வரை யாரிடமும் சொல்லாதே.

கிறிஸ்துமஸுக்கு நான் வரட்டுமா? என் மனைவி மார்த்தா இறந்த பிறகு எனக்கென்று போக வேறு வீடு கிடையாது. தினமும் காலையில் 4471 வந்ததா என்று கேட்கிறேன்.

டெல்


ப்ரையர்டன், ஒஹாயோ
டிசம்பர் 12

அன்புள்ள டெல்,

செவ்வாயன்று உலையை அணைத்தார்கள். வியாழனன்று ரிச்சி வந்து சேர்ந்தான். மாடியில் தூங்குகிறான், ஐரீன் அரை மணிக்கொரு தடவை போய் எட்டிப் பார்க்கிறாள். உன்னைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நீ எனக்கு மட்டும்தான் சொன்னாய். ஆலை வாசலுக்கு வந்து அவர்களிடமும் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். பிறகு நம் வீட்டுக்கு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. "அவரு வந்தா முட்டைக்கோஸ் சுருள் செய்றேன்னு எழுதுங்க, ஆளு எளச்சுப் போயிருப்பாரு" என்கிறாள் ஐரீன்.

உறையில் எண் எழுதவில்லை. எங்கள் கடிதங்கள் கிடக்கும் மூட்டைக்குள் ஒரு தடவையாவது நீ கைவிட்டுப் பார்க்க வேண்டும். இது அங்கேதான் இருக்கும்.

உன்
எமில்


வாஷிங்டன்
டிசம்பர் 29

மதிப்பிற்குரிய திரு. ஹுடாக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கருத்துகளை ஆழ்ந்த கவனத்துடன் படித்தேன். தங்களைப் போன்ற குடிமக்களின் குரலே இந்த நாட்டின் பலம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

டெல்பர்ட் க்ரோமர்
அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர்