சாமி மேடையில் ரூட்டர்

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒருவழியாக வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வந்துவிட்டது. இத்தனை நாளும் போன் சிக்னலுக்காக நான் வாசல் கேட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதை இந்தத் தாமான் குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. ஒரு லைன், ஒரு ரூட்டர், மூன்று பேர். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் தம்பி திவாகரின் கேம் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். என் லேப்டாப்புக்கும் அப்பாவின் டிவிக்கும் வைஃபை. பாஸ்வேர்டு என்னிடம். அதிகாரம் என்றால் இதுதான்.

சாயங்காலம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பெத்தம்மாள் அத்தை போன் செய்தார். அகல்யா என்ன செய்கிறாள் என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பா, "அது வீட்டுல சும்மாதான் இருக்கு" என்றார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். சட்டை வியர்வையில் நனைந்தால்தான் அவருக்கு வேலை. நான் அப்போதுதான் ஒரு கம்பெனியின் பகுதி நேர ஆளாக அறுபது புகார்களுக்குப் பதில் எழுதி முடித்திருந்தேன். சும்மாவாம்!

செப்டம்பர் 19, வெள்ளி

திவாகர் கேம் ஆடினால் என் மீட்டிங்கில் எல்லார் முகமும் உறைந்துவிடுகிறது. ரூட்டர் செட்டிங்கில் புகுந்து அவனுடைய வேகத்தைப் பாதியாக வெட்டினேன். "அக்கா, லைன் ஸ்லோ லா" என்றான். "மழைடா" என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பினாங்கு கம்பெனி ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது! நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே. அக்டோபர் 2, காலை ஒன்பது மணி, வீடியோவில். இது கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் போய், யாரோ நாலு பேரோடு ஒரு அறையில் - வேண்டாம், அதை எழுத வேண்டாம். கிடைக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. நேர்முகத்துக்குச் சட்டை வாங்க மலாக்கா போய்விட்டு வந்தால் ரூட்டரைக் காணோம். சாமி மேடையில், அப்பாவின் ஸ்பேனர்களுக்கும் திவாகரின் வெல்டிங் முகமூடிக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

வருஷா வருஷம் என் லேப்டாப்பை வைக்கப் போனால், "வெளாட்டுச் சாமான்லாம் வேணாம்" என்று அப்பா விரட்டுவார். இந்த வருஷம் மட்டும் என்னவாம்? கேட்டேன்.

"இதுலதான ஒனக்குப் பொழப்பு ஓடுது" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

அவருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கத் திரும்பினேன். அடுத்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். "நாளைக்குப் பத்தே காலுக்குத்தான் நல்ல நேரம். அது வரைக்கும் எந்தச் சாமானையும் யாரும் தொடக்கூடாது."

"அப்பா, ஒம்போது மணிக்கு இன்டர்வியூ!"

"பத்தே காலுக்கு வைக்கச் சொல்லு."

அக்டோபர் 2, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எட்டு மணிக்கு அப்பா குளிக்கப் போனார். நான் சாமி மேடையிலிருந்து ரூட்டரைத் திருடினேன். (முருகா, வேலை கிடைத்தால் தேங்காய் உடைக்கிறேன்.) செருகினால் சிவப்பு விளக்கு. வைஃபையின் பெயர்கூட மாறியிருந்தது.

அப்பா துண்டோடு வந்தார். "என்னப்பா பண்ணுனீங்க இத?"

"தொடச்சேன். பூசைக்கு வைக்கிற சாமான அழுக்கோடவா வைப்பாங்க?"

எஞ்சினைக் கழற்றி மாட்டும் மனுஷர் அல்லவா, ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார். அதுவும் வயரைப் பிடுங்காமல், ரூட்டர் விளக்கு எரியும்போதே. வெளிச்சத்தில்தான் அழுக்கு தெரியுமாம். அதில் ஒரு ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பட்டன். அழுத்திப் பிடித்தால் ரூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பெயரும் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தன. ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியிருந்தார். லைன் கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் ஓடுகிறது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். மூக்கொழுக, அசிங்கமாக. எல்லாம் போச்சு, ஒங்க பூசையும் நீங்களும்னு கத்தியும் விட்டேன். அப்பாவைப் பார்த்து இப்படிக் கத்தியதே இல்லை.

அவர் குனிந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "போன் சிக்னல் எங்க நல்லா வரும்?"

"டவுன்ல. கேட்டுல வர்ற சிக்னல் வீடியோவுக்குப் பத்தாது."

சட்டையை மாட்டிக்கொண்டு சாமி மேடையிலிருந்து லோரிச் சாவியை எடுத்தார். அப்போது மணி எட்டரை. முப்பத்தொரு வருஷத்தில் ஆயுத பூஜைக்கு மறுநாள் நல்ல நேரத்துக்கு முன்னால் அவர் லோரியைக் கிளப்பியதே கிடையாது. டயருக்கடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் கற்பூரம் காட்டாமலே நசுங்கின.

மெர்லிமாவ் டவுன் பஸ் நிலையத்து ஓரத்தில் லோரியை நிறுத்தினார். போன் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குப் பகிர்ந்துகொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். என் தலைக்குப் பின்னால் சாமந்தி மாலை. திரையில் வந்த அம்மணி, கோயிலில் இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவின் ஆபீஸில் இருக்கிறேன் என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு தானாக வந்தது.

அப்பா முழு நேரமும் கீழே நின்று, ஹார்ன் அடித்த ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 4, சனி

லைன் கம்பெனி ஆள் வந்து பார்த்ததில் ரூட்டருக்கு உயிர் வந்துவிட்டது. திவாகருக்கு முழு வேகம் கொடுத்துவிட்டு, மழை விட்டுவிட்டது என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. நவம்பர் 3 முதல். தேங்காய் உடைத்தாயிற்று.

மத்தியானம் பெத்தம்மாள் அத்தை மறுபடியும் போன். ஹாலில் அப்பாவின் குரல் கேட்டது. வழக்கமாக ஊருக்கே கேட்கும் குரலை அடக்கிப் பேசினார். "அகல்யாவா? பிள்ள வேலையா இருக்குக்கா. அப்புறமா கூப்புடு."

நான் கட்டிலில் குப்புறப் படுத்துப் பூனை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.