உறைந்துபோன தேங்காய் எண்ணெய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் மக்லீன் தாத்தா, கப்பலிலும் கிளப்பிலும் அறுபது வருடம் ஜாஸ் ட்ரம்பெட் வாசித்தவர். நேற்று அவருடைய ட்ரம்பெட்டின் பொத்தான்கள் இறுகியிருந்தன. சமயபுரம் பூத்தட்டு ஊர்வலத்துக்கு பேண்டோடு கிளம்பும்முன் நீங்கள் உங்கள் ட்ரம்பெட்டுக்குச் செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் விட்டேன். கிளாஸ்கோ குளிரில் எண்ணெய் உறைந்து, மூன்று பொத்தான்களும் அசையவே இல்லை!

அவர் திட்டவில்லை. ட்ரம்பெட்டை மடியில் வைத்து ஹீட்டர் அருகே உட்கார்ந்தார். எண்ணெய் உருகி மணத்தது. "உங்க ஊர்ல இது உறையவே உறையாதா?" என்று கேட்டுவிட்டு, ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது; நான் மனதுக்குள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஊர்வலத்தில் உங்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஊர்வலத்தில் வாசிப்பதை போனில் பதிவு செய்து அனுப்புங்கள். தொடங்கும்முன் தொண்டையைச் செருமுவீர்களே, அதை வெட்டிவிடாதீர்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சுபலட்சுமி