கல்லரக்கனைச் சாய்த்த சம்பந்திகள்

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம். தங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

நேற்று மாலை தாங்கள் கல்லரக்கனைக் கொன்ற விதத்தைப் பற்றி நாலு வரி எழுதாவிட்டால் எனக்கு இன்று வேலை ஓடாது. இரண்டு வாரமாக நாம் அவன் காலடியில் நசுங்கிக்கொண்டிருந்தோம். நான் அவன் தலையையே குறிவைத்து அம்பு விட்டேன். படித்தவர்களுக்குத் தலையைத் தவிர வேறு இடம் தெரியாது. தாங்களோ சண்டையை என்னிடம் விட்டுவிட்டு, மண்டபத்தைச் சுற்றியிருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனீர்கள். "இங்க உயிர் போகுது, நீங்க அலமாரியைக் குடைஞ்சுகிட்டு இருக்கீங்களே சம்பந்தி!" என்று நான் கத்தியதை மன்னிக்கவும். ஏழாவது அறையில் மதகுச் சக்கரம் இருக்குமென்று நான் கண்டேனா? தண்ணீர் பாய்ந்து, அவன் முழங்கால் மூட்டுக் களிமண் கரைந்து, அவ்வளவு பெரியவன் மரியாதையாக உட்கார்ந்தானே, அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதைவிட, திரும்பி வரும்போது திறந்த கதவுகளையெல்லாம் மூடிக்கொண்டே வந்தீர்கள். அரக்கர் வீடானாலும் வீடு வீடுதான் என்று அப்போது புரிந்தது.

இன்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். "எப்பப் பார்த்தாலும் கேம்தான் டாக்டர். நீங்களாவது சொல்லுங்க" என்றாள் அம்மா. சுவரில் என் படத்தோடு ஒட்டியிருக்கும் 'ஒரு நாளைக்கு அரை மணி நேரம்' அறிவிப்பைக் காட்டிக் கடுமையாகப் பேசினேன். அம்மா வெளியே பணம் கட்டப் போனதும், கண் பார்க்கும் கருவியில் தாடையை வைத்திருந்த குழந்தையிடம் மெதுவாக, "பனிக் கோபுரத்துல பாலம் எப்படி இறங்கும்?" என்று கேட்டேன். "மணியை அடிக்கணும் ஆன்ட்டி. இதுகூடத் தெரியாதா?" என்றாள். பார்வையில் குறை ஒன்றுமில்லை.

ஆடும்போது குடும்பப் பேச்சு கூடாது என்பது தாங்கள் போட்ட விதி. அதனால்தான் இந்தக் கடிதம். மருமகள் எப்படி இருக்கிறாள்? பாலம் கட்டும் வேலைக்குப் பொறுப்பாளரான பிறகு அவள் குரலே கேட்கக் கிடைக்கவில்லை. நம் இருவருக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்து, தன் பெயரிலுள்ள கணக்கையும் நமக்குத் திறந்துவிட்டு, "நீங்க ஆடறது யாருக்கும் தெரிய வராது அத்தை, நான் வாக்குக் குடுக்கறேன்" என்றவள். இன்றுவரை என் மகனுக்குக்கூடத் தெரியாது. என் தொழிலில் இப்படி வாய் மூடியிருப்பவர்கள் குறைவு.

ஒரே ஒரு மனத்தாங்கல். அரக்கனிடமிருந்து கிடைத்த கேடயத்தை எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தாங்களே மாட்டிக்கொண்டீர்கள். பெண் வீட்டார் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

தங்கள் அன்புச் சம்பந்தி,
கழுகுக்கண்

ஜூன் 9

மரியாதைக்குரிய டாக்டர் சம்பந்திக்கு,

வணக்கம். பெண் வீட்டார் கொடுக்க வேண்டியதையெல்லாம் கல்யாணத்திலேயே கொடுத்துவிட்டோம். கேடயம் அந்தப் பேச்சில் இல்லை.

தாங்கள் என்னைப் புகழ்ந்ததை இரண்டு தடவை படித்தேன். ஓட்டலில் அறைகளுக்குப் பொறுப்பாக இருப்பவளை யாரும் புகழ மாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால் கண்ணில் படாது. ஒரு துண்டு குறைந்தால் மேலாளர் வரை போகும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் எந்த அறையையும் விட்டு வெளியே வராதே என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி, எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அரக்கன் வீட்டில் என்ன வேறு வழக்கமா? ஆனால் நான் குடைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவனைத் தனி ஆளாக நிறுத்திவைத்தது யார்? ஒரு அம்பு வீண் போகவில்லை. உதை வாங்கினீர்கள், எழுந்தீர்கள், திட்டினீர்கள், திரும்ப விட்டீர்கள். கண்ணில் கத்தி வைக்கிற கை நடுங்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; இப்போது பார்த்தும்விட்டேன்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை இரண்டு பெட்டியோடு வந்தாள். "லீவாம்மா?" என்றேன். "லீவுதான்" என்றாள். பெட்டியைப் பார்த்தே ஒருவர் எத்தனை நாள் தங்குவார் என்று சொல்லிவிடுவேன், அது என் பிழைப்பு. இவை தங்க வந்தவளின் பெட்டிகள் இல்லை. ஓர் அறையைக் காலி செய்துவிட்டு வந்தவளின் பெட்டிகள்.

மாப்பிள்ளை தங்களிடம் ஏதாவது சொன்னாரா?

தங்கள்,
சாவிக்கொத்து

ஜூன் 15

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கேட்டேன். "ஒத்து வரலம்மா" என்றான். என்ன ஒத்து வரவில்லை என்றேன். "காலையில ஏழு மணிக்குப் போறா, ராத்திரி ஒன்பதுக்கு வர்றா. வீடா லாட்ஜா?" என்றான். தங்கள் தொழிலை மனதில் வைத்துச் சொன்னதில்லை என்று நம்புவோம். நானும் அவன் சிறு வயதில் அப்படித்தான் போனேன், வந்தேன். அப்போது அவன் எதுவும் சொன்னதில்லை. பேச்சு வராத வயது.

இருவரும் பெரியவர்கள். பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தங்களைப் போலப் பொறுமையாகத் தேடினால் எந்த மண்டபத்திலும் ஒரு சக்கரம் அகப்படும்.

தங்கள்,
கழுகுக்கண்

ஜூலை 2

மரியாதைக்குரிய டாக்டர் சம்பந்திக்கு,

வணக்கம். விஷயம் குடும்ப நீதிமன்றத்துச் சமரச அதிகாரி வரை போய்விட்டது தங்களுக்குத் தெரியும். போன வாரம் முதல் சந்திப்பு. மாப்பிள்ளை பக்கத்து வக்கீல் எழுந்து, "இவங்க ஒன்றரை வருஷத்துல ஆயிரத்து இருநூறு மணி நேரம் கேம் ஆடியிருக்காங்க சார். வீட்டைக் கவனிக்க எங்க நேரம் இருக்கும்?" என்றாராம். மாப்பிள்ளை என் மகளின் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். நேரமெல்லாம் அவள் பெயரில்தானே ஏறுகிறது.

அவள் அதைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. "நான் இல்லைன்னு சொல்லேண்டி" என்றேன். "அப்ப யாருன்னு கேட்பாங்கம்மா. அத்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." "என் பேரைச் சொல்லு. எனக்கென்ன?" "ரெண்டு பேர் ஆடினது அதுலயே தெரியுது. ஒருத்தி நீ, இன்னொருத்தி யாருன்னு அடுத்த கேள்வி வரும்."

அடுத்த சந்திப்பு இருபதாம் தேதி. அன்றும் அவள் பேசாமல் இருந்தால் அது உண்மையென்றே பதிவாகும். ஐந்நூறு பேரை வைத்து வேலை வாங்குகிறவள், நாள் முழுக்க விளையாடிக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று ஆகிவிடும்.

நான் தங்களிடம் எதுவும் கேட்கவில்லை. செய்தி சொல்கிறேன்.

தங்கள்,
சாவிக்கொத்து

ஜூலை 8

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம். வக்கீல்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள், பெரிதுபடுத்த வேண்டாம்.

ஆட்டத்தில் அடுத்து வரும் சதுப்பு நிலத்துக்குள் போகத் தோல் காலணி அவசியமாம். எனக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது. தாங்களும் தேடி வையுங்கள். இந்த மாதக் கடைசியில் 'திரையும் கண்ணும்' என்று ஒரு கூட்டம். நான்தான் முக்கியப் பேச்சாளர். ஊரெல்லாம் என் படம் ஒட்டியிருக்கிறார்கள். தங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

தங்கள்,
கழுகுக்கண்

ஜூலை 11

டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். புரிந்தது.

சதுப்பு நிலத்துக்கு இனித் தாங்கள் தனியாகத்தான் போக வேண்டும். கேடயத்தைப் பொதுப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன். எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தாய்

ஜூலை 22

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த அன்றே சதுப்பு நிலத்துக்குத் தனியாகப் போனேன். கேடயத்தை எடுக்கவில்லை. ஒரு குடிசைக்குள் நுழைந்ததுமே செத்தேன். அம்பு விடத்தான் எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் பார்க்கத் தெரியாது.

இருபதாம் தேதி நடந்ததைத் தங்கள் மகள் சொல்லியிருப்பாள். ஆனாலும் அவள் அடக்கமானவள், முழுவதும் சொல்லியிருக்க மாட்டாள்.

அழைக்காமலே போய் உட்கார்ந்தேன். வக்கீல் அதே ஆயிரத்து இருநூறு மணி நேரத்தை மறுபடி எடுத்தார். "அந்த நேரம் என்னுடையது" என்றேன்.

"அம்மா, அவளைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதே. உனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா வராது" என்றான் மகன்.

சமரச அதிகாரி நரைத்த மீசைக்காரர். அதுவரை பாதித் தூக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்தார். "அப்படின்னா சொல்லுங்க டாக்டர். கல்லரக்கனை எப்படித் தாண்டினீங்க?"

சோதனைக் கேள்வி என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறு மாதமாக அவரே அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவர் பேனாவை எடுத்தபோதுதான் தெரிந்தது.

"தலையில அடிச்சுப் பிரயோஜனமில்ல சார். சுத்தி இருக்கிற அறைகள்ல ஏழாவதுல ஒரு மதகு இருக்கு."

"ஏழாவதா? நான் அஞ்சோட திரும்பிட்டேனே! இடது பக்கத்துலேர்ந்து எண்ணணுமா?"

"இடது பக்கத்துலேர்ந்துதான். தண்ணி வர்ற வரைக்கும் ஒருத்தர் அவனைப் பிடிச்சு வெச்சிருக்கணும்."

"சார், இதெல்லாம் பதிவாகுதா?" என்றார் வக்கீல்.

"கொஞ்சம் இருங்க சார். டாக்டர், நீங்க அங்க என்ன பேர்ல ஆடறீங்க?" சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். "கழுகுக்கண்ணா! வாராவாரம் பட்டியல்ல முதல் பத்துக்குள்ள வர்றது நீங்களா? காலேஜ் பசங்கன்னுல்ல நினைச்சுகிட்டு இருந்தோம்! கூட ஒருத்தர் வருவாரே, சாவிக்கொத்துன்னு?"

"அது என் சம்பந்தியம்மா. அரக்கனைக் கொன்றது அவங்கதான். நான் உதை மட்டும் வாங்கினேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதன் பிறகு அதிகாரி இருபது நிமிடம் என்னோடு பேசினார், பனிக் கோபுரம் உட்பட. வழக்கைப் பற்றியும் ஓரிரு நிமிடம் பேசினார். குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. இருவரும் பிரிவதென்று ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசாமல். இதை நல்ல முடிவு என்று எழுத எனக்குத் தைரியமில்லை. ஆனால் தங்கள் மகள் தலை நிமிர்ந்து படியிறங்கினாள்.

என் மகன் படியிலேயே நின்றான். "நான் ஃபோன் பண்ணறப்பல்லாம் ஆபரேஷன்ல இருக்கேன்னு சொன்னியே?" என்றான். "சில நாள் ஆபரேஷன்தான்" என்றேன். நகைச்சுவையாக இருக்குமென்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோது அப்படி இல்லை. அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு வேறு பேச்சாளர் கிடைத்துவிட்டாராம். மருத்துவமனைச் சுவரில் இருந்த என் படத்தை நானே கிழித்தேன். நல்ல பசை. மூக்கு மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

பதினைந்து நாள் முன்பே செய்திருக்க வேண்டியதை இருபதாம் தேதி செய்தேன். தாங்கள் பதில் எழுதாவிட்டால் அது நியாயம்தான்.

தங்கள்,
கழுகுக்கண்

ஆகஸ்ட் 3

என் அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஓட்டலில் ஒரு மாநாடு. எல்லா அறையும் நிரம்பியிருந்தது.

மகள் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். அந்த மீசைக்காரர் எழுந்து நின்ற இடத்தை மூன்று தடவை செய்யச் சொன்னேன். ஊர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கும்போது, அத்தனை பேர் நடுவில், பெற்ற மகன் எதிரே உட்கார்ந்து அப்படிச் சொல்ல என்னால் முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். கல்லரக்கன் எதிரே நிற்பது சுலபம்.

நேற்று அவள், "அத்தை எப்படி இருக்காங்க, பேசினியா?" என்றாள். "இனிமே என்னடி அத்தை?" என்றேன். "வக்கீல் பிரிச்சது எங்க ரெண்டு பேரைத்தானேம்மா? அத்தையை யாரு பிரிச்சாங்க?" என்றாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

இன்னொன்று. மாப்பிள்ளை போன வாரம் எனக்கு ஃபோன் செய்தார். மாப்பிள்ளை என்றே எழுதிவிட்டேன், போகட்டும். முதலில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம், "அம்மா ஆடற அந்த கேம்ல மூணாவதா ஒரு ஆள் சேரலாமாங்க?" என்றார். "சேரலாம். ஆடத் தெரியுமா?" "தெரியாது. அம்மா அங்கதான் இருக்காங்கன்னா..." என்று இழுத்தார்.

திங்கட்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் விழுவார், நுழைந்த உடனேயே விழுவார் என்று நினைக்கிறேன். விழுந்தவரைப் பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு ஆட்டம் முடிந்துவிடும். நான் கிட்டத்தான் இருப்பேன். ஆனால் தூக்க மாட்டேன்.

தாங்கள் போங்கள்.

அன்புடன்,
சாவிக்கொத்து