மீனெண்ணெய் குடித்த கிங் பின்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
14.8.1974

அன்பு மகன் ஹென்றிக்கு அப்பா எழுதுவது. தேவ கிருபையால் பம்பாயில் நீயும் மருமகளும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவுக்கு மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது, சாத்தான்குளத்தில் புகுந்த வீட்டில் இருக்கும் உன் தங்கை பிளாரன்ஸுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது, என் சுகத்தை நீ விசாரித்த விதம்தான் பொறுக்கவில்லை. கண் டாக்டரைப் பாருங்கள், இனி காரைத் தொடாதீர்கள், இனிகோ மாமா ஓட்டட்டும் என்று நாலு வரி. புதுக்கோட்டைப் பாலத்தருகே கார் வாய்க்காலில் இறங்கியபோது நீயா பக்கத்தில் இருந்தாய்? ஸ்டியரிங்கை நான் வலது பக்கம் ஒடித்துப் பிடித்திருக்க, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்? உன் அம்மா சாவியை எடுத்துத் தன் தம்பி கையில் கொடுத்துவிட்டாள். அவன் தெருவில் நின்று, அத்தானுக்குப் புஸ்தகத்துல எழுத்துதான் தெரியும், ரோட்டுல மாடு நின்னா தெரியாது என்று சொல்லிச் சிரிக்கிறான். உன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவனும் அவன்தான். நான் எதையும் மறக்கவில்லை.

சாவி அவனிடம் இருந்தாலும் ஜாக்கி என்னிடம் இருக்கிறது. நேற்று மெக்கானிக் ஆவுடையப்பனை வரவழைத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினேன். டயரின் உள்விளிம்பு மட்டும் வழித்தெடுத்தது போலத் தேய்ந்திருந்தது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துச் சக்கரத்தை ஆட்டினேன், டக் டக்கென்று ஆடியது. வீல் பேரிங்காய் இருக்கும் என்றான் அவன். பிரேக்கை மிதி என்றேன். பேரிங்காய் இருந்தால் மிதித்ததும் ஆட்டம் நின்றிருக்கும், நிற்கவில்லை. ஆக, கோளாறு கிங் பின்னில், அதாவது சக்கரம் திரும்புவதற்கு முளையாய் நிற்கும் அந்த இரும்பில். கழற்றினால் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம். ஏன் தேய்ந்தது தெரியுமா? உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று போன வருஷம் உன் மாமா தன் வள்ளத்துக்குப் பூசுகிற மீனெண்ணெயைக் காரின் அடிப்பாகம் முழுக்கப் பூசினானே, அதுதான். ஒரு மாதம் தெருப் பூனைகளெல்லாம் நம் காரடியில் குடியிருந்தன. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, கடலுக்கே ஆவும், ஒம்ம காருக்கு ஆவாதாக்கும் என்றான். அது காய்ந்து பிசினாகி, கிரீஸ் போகிற துளைகளை அடைத்துவிட்டது. மாதாமாதம் நான் அடித்த கிரீஸ் வெளியேதான் வழிந்திருக்கிறது. வழிந்ததைத் துடைத்தேனே ஒழிய, ஏன் வழிகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. அந்த மட்டும் என் தப்பு. ஆவுடையப்பன், சார்வாள், ஒங்க கண்ணுல ஒரு கொறையுமில்ல, எளவு இந்தப் பின்னுலல்லா இருக்கு என்றான். உன் அம்மா காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் இனிகோ, சாத்தான்குளம் போய்வர இது தாங்கும், அதையே திரும்பப் பூட்டுலே என்று ஆவுடையப்பனை அதட்டுகிறான். 25-ஆம் தேதி ஞாயிறு பிளாரன்ஸைப் பேறுகாலத்துக்கு இந்தக் காரில்தான் அழைத்து வருவானாம், வயிற்றுப் பிள்ளையோடு! அதனால் இரண்டு முன் சக்கரத்துப் பின்னையும் கழற்றிப் பார்சல் கட்டி உன் பேருக்கு அனுப்பிவிட்டேன். திரும்பப் பூட்ட இங்கே எதுவும் இல்லை, முடிந்தால் அவன் மீனெண்ணெயில் ஓட்டட்டும். அதே அளவில் புது ஜோடி வாங்கி 23-க்குள் வந்து சேரும்படி அனுப்பு. வந்தால் நான் ஓட்டுவேன், வராவிட்டால் பஸ்ஸில் போய் நானே அவளை அழைத்து வருவேன்.

உன் மேல் கோபம்தான், ஆனாலும் இராத்திரி ஜெபத்தில் உன் பேரை விடவில்லை. பனிமய மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. பார்சலைப் பிரித்தால் மீன் வாடை அடிக்கும், மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவை. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிப் பார். பிறகு என் கண்ணைப் பற்றி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
பவுல் மச்சாது