மூன்று தரம் பிழிந்த சக்கை

அன்புள்ள அம்மாவுக்கு, கேப் டவுனிலிருந்து நொலுசாபோ கும்பிட்டு எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை விடாமல் தேயுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் நம் ஊர் நொபான்டுவின் மகன், ஆண்பிள்ளையாகும் விருத்தசேதனச் சடங்கு முடிந்து வீடு திரும்பினான். விருந்துக்குச் சோளக்கள் காய்ச்ச என்னைக் கேட்டார்கள், உங்கள் கைப்பக்குவம் மகளுக்கும் இருக்கும் என்றுதான். காய்ச்சி வடிகட்டினேன். கூட்டத்தைப் பார்த்தால் கள் போதாது போலிருந்தது. சக்கையில் இன்னும் சத்து இருக்கும் என்று வெந்நீரை ஊற்றி ஊற்றி மூன்று தரம் பிழிந்தேன். அந்தத் தண்ணிக்கள்ளை வழக்கப்படி வேலை செய்த பெண்களுக்கென்று தனியே வைக்காமல், ஜெபம் பண்ணிப் பெரிய பீப்பாயிலேயே கலந்துவிட்டேன்.

முன்னோர் பேரைச் சொல்லி முதல் வாய் குடித்த பெரியவர் குவளைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பாத்திரம் கழுவின தண்ணி வந்துருச்சு, கள்ளு எப்ப வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நொபான்டுதான் உங்கள் குலப்பேரை இழுத்தாள்: "மாம்பேலே மகளாடி நீ?"

"எங்கம்மாவும் இப்படித்தான் காய்ச்சுவாங்க" என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

யாராவது இங்கே வந்தால் உங்கள் பழைய கோரைப்புல் வடிகட்டியைக் கொடுத்தனுப்புங்கள். கழுவ வேண்டாம், நம் வீட்டு வாசம் இருக்கட்டும். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நொபான்டு ஊருக்கு வருவாள், நீங்களும் இப்படித்தான் காய்ச்சுவீர்களா என்று கேட்பாள். நான் சொன்னது பொய் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா. எனக்கு வாய் வரவில்லை.