வயரில் கட்டிய தையல் நூல்

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் கம்ப்யூட்டரை ஆன் செய்து பாருங்கள்.

கம்ப்யூட்டர் பெட்டிதான் புதுசு, உள்ளே நம் பழைய மதர்போர்டேதான். பழைய பெட்டியில் பட்டனுக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரே பிளக். புதுப் பெட்டியில் எல்லாம் தனித்தனி வயர். அதைப் பார்த்துத்தானே, "இது சேராது, தூக்கிப் போடு" என்றீர்கள்?

பழைய பிளக்கில் எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு ஜோடியான புது வயர் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் தையல் நூல் கட்டி, அந்தந்த இடத்தில் செருகினேன். முதலில் பட்டன் இடத்தில் விளக்கு வயரை மாட்டித் தொலைத்தேன். மாற்றியதும் ஜம்மென்று ஓடுகிறது!

நாலு மணிக்கு உங்கள் தங்கை வருகிறாள். நேற்று அவள் எதிரில்தானே, "ஊசி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தீர்கள்? நான் வாயே திறக்க மாட்டேன். யார் மாட்டியது என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

தையல் கடையின் மாற்றுச் சாவி வழக்கம்போல் ஆணியில் இருக்கிறது.

இன்னொன்று: பெட்டியின் பக்க மூடியை நான் இன்னும் திருகி மூடவில்லை, அவள் பார்க்கட்டும். கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துச் செய்ததாகக் கதை விடாதீர்கள். எந்தக் கடைக்காரன் வயருக்குத் தையல் நூல் கட்டுவான்?